பஸ்ஸைத் தவறவிட ஓர் ஆள்

“என் கடிதத்துக்கு யாருமே பதில் போட மாட்டேங்கிறாங்கம்மா” என்றார் கஸ்பார்.

யசோதரா எலுமிச்சைக் கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன கடிதம்?”

“முகவர்களுக்கு எழுதுற கடிதம்.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியால் இன்னும் கொஞ்சம் மண்ணை இழுத்தார்.

கஸ்பார் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூண்டில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே மனசுக்குள் ஒரு நாவலைக் கட்டிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து எழுதி முடித்தார். ஊர் நண்பர்கள் சேர்ந்து தமிழில் அச்சிட்டார்கள். எடுத்தவர்கள் கீழே வைக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து அவரிடமே ஒரு பிரதி இல்லாமல் போயிற்று.

மகள் ரீத்தா அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாள். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, வரி வரியாகச் செய்தாள். நல்ல மொழிபெயர்ப்பு. அதில் கஸ்பாருக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் எழுத்தாளரிடம் நேராக எதையும் வாங்குவதில்லை. நடுவில் ஒரு முகவர் வேண்டும். அந்த முகவருக்கு முதலில் ஒரு கடிதம் போடவேண்டும். கடிதம் பிடித்தால்தான் நாவலைக் கேட்பார்கள்.

கஸ்பார் கடிதம் எழுதினார். ரீத்தா ஆங்கிலத்தில் அனுப்பினாள். கிணற்றில் கல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஒரே ஒருவர் பதில் போட்டிருந்தார். லண்டனில் இருக்கும் ஒரு பெண்மணி. உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்தும் இது என்ன கதை என்று எனக்குத் தெரியவில்லை, மாதக் கடைசிக்குள் வேறு ஒன்று எழுதினால் பார்க்கிறேன், அதற்குப் பிறகு புதியவர்களை எடுப்பதாக இல்லை என்று எழுதியிருந்தார்.

அந்தப் பதிலை வாசித்த ரீத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கஸ்பாருக்கு அதுதான் தாங்கவில்லை.

யசோதராவைப் பற்றி யாரோ சொன்னார்கள். டெல்லியில் பல வருஷம் முகவராக இருந்தவர். அவர் கை வைத்த புத்தகம் நிற்கும் என்று பெயர். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது யார் கடிதத்தையும் படிப்பதில்லை. ஆனாலும் தேடி வருகிறவர்களை விரட்டுவதும் இல்லை.

வந்து பார்த்தபோது கஸ்பார் கொஞ்சம் திகைத்தார். தன் கடைசித் தங்கை வயதுகூட இருக்காது. இருந்தாலும் குரு குருதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

யசோதரா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியைப் படித்தார். மடித்தார். திரும்ப அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார்.

“நாவல் எதைப் பத்தி அண்ணாச்சி?”

கஸ்பார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பதில் அவருக்கு மனப்பாடம்.

“இயந்திர யுகத்தில் மனித நம்பிக்கை சிதைவதையும், அந்தச் சிதைவுக்கு நடுவே உறவு என்பது எப்படி...”

யசோதரா அடுத்த கன்றுக்குப் போய்விட்டார்.

கஸ்பார் பின்னாலேயே போனார்.

“ரோட்டு முக்குல டீக்கடை பார்த்தீங்களா?” என்று கேட்டார் யசோதரா.

“பார்த்தேன்.”

“மலைக்குப் போற பஸ் எல்லாம் அங்கே நிக்கும். டிரைவர் டீ குடிக்கிற நேரம். அதுக்குள்ள யாராவது ஒருத்தர்கிட்ட உங்க நாவலைச் சொல்லணும்.”

“சொல்லி?”

“அவங்க பஸ்ஸைத் தவறவிடணும்.”

கஸ்பார் சிரித்தார். யசோதரா சிரிக்கவில்லை.

“கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. பம்ப் செட் ரூம்ல கட்டில் இருக்கு, தங்கிக்கோங்க.”

*

கஸ்பாருக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. கப்பல் கப்பலாகச் சரக்கைத் தூக்கினவர். ஓர் ஆளை உட்கார வைக்க முடியாதா?

முதலில் கிடைத்தவர் செய்தித்தாளும் கண்ணாடியுமாக இருந்தார். படிக்கிற மனிதர். கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஒரு நாவல் எழுதியிருப்பதாகவும் அதற்காக எத்தனையோ வருஷம் உழைத்ததாகவும், அடித்து அடித்துத் திருத்தியதாகவும் சொன்னார்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் அவர். விசில் கேட்டதும் செய்தித்தாளை மடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

அடுத்து ஒரு பேராசிரியை. அவரிடம், இந்த மாதிரி ஒரு நாவல் இந்த மொழியில் இதுவரை வந்ததில்லை என்று ஆரம்பித்தார். படித்தவர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். உலகத்தரம் என்றும் சொன்னார்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்புறம் ஏன் சார் பஸ் ஸ்டாப்புல நின்னு சொல்லிட்டிருக்கீங்க?”

மறுநாள் வழியை மாற்றினார். தன் கஷ்டத்தைச் சொன்னார். மகள் கண் நோக மொழிபெயர்த்ததைச் சொன்னார். பதில் வராத வேதனையைச் சொன்னார். கேட்டவர் ஒரு லாரிச் செட்டுக்காரர், நல்ல மனசு. கண்கலங்கக் கேட்டுவிட்டு, கஸ்பாருக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தார். தோளில் தட்டினார். பஸ் ஏறிப் போய்விட்டார்.

கஸ்பார் அந்த வடையைத் தின்ன முடியாமல் நாய்க்குப் போட்டார்.

பிறகு ஒரு நாள் முழுக்கதையையும் சொல்வது என்று முடிவு செய்தார். கிரேன் ஓட்டுகிறவனின் தாத்தா காலத்திலிருந்து தொடங்கினார். துறைமுகம் எப்படிக் கட்டப்பட்டது, எந்தக் கல் எங்கிருந்து வந்தது, எல்லாம் சொன்னார். பஸ் போயிற்று. எதிரே இருந்தவர் எழவே இல்லை.

கஸ்பார் தோட்டத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஒருத்தர் பஸ்ஸை விட்டுட்டாரும்மா!”

யசோதரா ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன கேட்டார்?”

“கேக்கலை.”

“ஒண்ணுமே?”

கஸ்பார் யோசித்துப் பார்த்தார். அந்த மனிதரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

“தூங்கிட்டார்” என்றார்.

யசோதரா மறுபடி ஏணியில் ஏறினார்.

*

மாதம் முடிய இன்னும் அதிக நாள் இல்லை. ரீத்தா தொலைபேசியில் கூப்பிட்டு, எழுதியாச்சா என்று மட்டும் கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் கஸ்பாருக்குக் கோபம் வந்தது. நேராக யசோதராவிடம் போனார். அவர் காய்களைக் கூடையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு இது சரியாப் படலைம்மா. நான் கடிதம் எழுதக் கத்துக்க வந்தேன். நீங்க என்னைப் பஸ்ல போறவன் வாறவன்கிட்டல்லாம் அசிங்கப்பட வைக்கிறீங்க. முகவர்ங்கிறவங்க நாற்காலியில நிதானமா உக்காந்து படிக்கிறவங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்களா?”

“நிதானமாவா?” என்றார் யசோதரா.

ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் அத்தனை வருஷமும் அந்த பஸ்லதான் உக்காந்திருந்தேன் அண்ணாச்சி. ஜன்னலோரம். வெளியில நின்னு ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. டிரைவர் டம்ளரைக் கீழே வச்சதும் வண்டி எடுத்துருவாங்க.”

கஸ்பாரின் கோபம் பாதியில் நின்றது.

“யாராவது உங்களை இறங்க வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்க.”

“என்ன சொன்னாங்க?”

“அதைச் சொன்னா நீங்க போய் அதையே சொல்லுவீங்க” என்றார் யசோதரா.

*

மறுநாள் காலையில் கஸ்பார் பையைக் கட்டினார். யசோதரா சந்தைக்குப் போயிருந்தார். சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையில்லைதான். ஆனால் சொல்லவும் அவருக்கு முகம் இல்லை.

டீக்கடைக்கு வந்து கீழ்நோக்கிப் போகும் பஸ்ஸுக்காக உட்கார்ந்தார். அவர் தினமும் வருவதைப் பார்த்திருந்த டீ மாஸ்டர், இன்று யாரிடமும் பேசவில்லையே என்று விசாரித்தார். ஊருக்குப் போகிறேன் என்றார் கஸ்பார்.

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள். ஓர் இளம் பெண், தோளில் பையும் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்புமாக அவர் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தாள். இறங்கும்போதே அவள் கண்டக்டரிடம், மேலே உள்ள பள்ளிக்கூடத்தில் இன்று மதியத்துக்குள் வேலையில் சேர்ந்தாகவேண்டும், விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது கஸ்பார் காதிலும் விழுந்தது.

எதிரே ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு லாரி இறங்கிக் கிடந்தது. அதைத் தூக்க ஒரு சின்ன கிரேன் வந்திருந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஒருவன் நின்று கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

“அந்தக் கிரேன் டிரைவர் லாரியைப் பார்க்கவே மாட்டேங்கிறாரே. அந்த ஆள் கையையே பார்த்துட்டிருக்கார்” என்றாள் அவள், யாருக்கும் இல்லாமல் பொதுவாக.

“அவனுக்குப் பள்ளம் தெரியாதும்மா. கைதான் அவனுக்குக் கண்ணு” என்றார் கஸ்பார்.

“கை தப்பாக் காட்டினா?”

கஸ்பார் அவளைத் திரும்பிப் பார்த்தார். நாவலைப் பற்றிச் சொல்லவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

“ஒருத்தன் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். கப்பல் வயித்துக்குள்ள சரக்கு இறக்கணும். உள்ளே யார் நிக்கான்னு மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. விளிம்புல ஒருத்தன் நின்னு கை காட்டுவான். அந்தக் கை காட்டுறவன் இவனுக்குச் சம்பந்தி.”

“சம்பந்தியா?”

“இவன் மகளை அவன் மகன் கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அன்னைலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஆனா ஒரே ஷிப்ட். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இவன் அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆகணும். மூஞ்சியைப் பார்க்க மாட்டான். கையை மட்டும் பார்ப்பான். பேசுறதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் ரேடியோ உண்டு. ஒரு நாளும் தொட்டதில்லை.”

அவள் டீ டம்ளரைக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை.

“ஒரு நாள் கப்பலுக்குள்ள வேலைக்கு ஆள் பத்தலை. அந்த மகனை இறக்கிவிட்டுட்டாங்க. இவன் மருமகன். அவன் ஏணியில இறங்குறதை இவன் கூண்டுல இருந்தே பார்த்தான். மகள் அப்போ மாசமா இருக்கா. இரும்புத் தகட்டுக் கட்டைத் தூக்கியாச்சு. சம்பந்தி கை, இறக்குன்னு சொல்லுது. இறக்குறான். பாதியில கையைக் காணோம்.”

“எங்கே போனார்?”

“தெரியலை. அவன் நின்ன இடம் காலியா இருக்கு. கட்டு காத்துல ஆடுது. ஆட ஆடத் தகடு ஒண்ணொண்ணா நழுவுது. கீழே பையன் எந்தப் பக்கம் நிக்கான்னு தெரியாது. தூக்கினாலும் சரியும். இறக்கினாலும் அவன் தலையில இறங்கலாம். சும்மாவும் நிக்க முடியாது. சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன்தான்.”

டீயில் ஏடு கட்டியிருந்தது.

“இவன் ரேடியோவைக் கையில எடுத்தான்” என்றார் கஸ்பார்.

விசில் அடித்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினை எழுப்பினார். இறங்கினவர்கள் எல்லாரும் ஏறினார்கள். அந்தப் பெண் எழவில்லை. அவள் கண் கஸ்பாரின் வாயில் இருந்தது.

கஸ்பாருக்கு அது புரிந்தது. இத்தனை நாள் எதற்காக அலைந்தாரோ அது இதோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பஸ் போய்விடும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் மடியில் இருந்த கோப்பு கண்ணில் பட்டது.

“உங்க பஸ்ஸும்மா” என்றார்.

“ரேடியோவுல என்ன சொன்னார்?”

“ஏறுங்க. நேரமாகுது.”

“சார், ஒரு நிமிஷம், அதை மட்டும்...”

“ஏறுங்கம்மா.”

கண்டக்டர் கத்தினார். அவள் எழுந்து, டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினாள். படியில் ஏறியவள் அடுத்த கணம் ஜன்னலில் தெரிந்தாள். முகத்தில் உண்மையான கோபம் இருந்தது.

“அந்தப் பையன் பிழைச்சானா?”

பஸ் நகர்ந்தது.

“இது ஏதாவது புத்தகத்துல வருதா சார்? பேராவது சொல்லுங்க!”

கஸ்பார் சொன்னார். என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று கையைக் குவித்து இன்னொரு முறை சொன்னார். பஸ் வளைவில் மறையும்வரை அவள் தலை வெளியிலேயே இருந்தது.

திரும்பினால் டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றாமல் தூக்கிய கையோடு நின்றார்.

“அண்ணாச்சி, நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பையன் என்ன ஆனான்?”

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மாஸ்டரிடம் ஒரு பேனா கேட்டார்.

கீழ்நோக்கிப் போகும் பஸ் வந்தது. நின்றது. போயிற்று. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எழுதி முடித்தபோது பாதிப் பக்கம்கூட நிறையவில்லை. உழைப்பும் உலகத்தரமும் அதில் இல்லை. கிரேன் இருந்தது, கை இருந்தது, ரேடியோ இருந்தது. ரீத்தாவைக் கூப்பிட்டு மெதுவாக வாசித்தார்.



“லைன்ல இருக்கியாம்மா?”

“இருக்கேன்ப்பா” என்றாள் ரீத்தா. “முடிவு எனக்குத் தெரியும். நான்தானே மொழிபெயர்த்தேன். ஆனாலும் இப்பவே அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்கணும்போல இருக்கு.”

இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றாள். மேலே வழக்கம்போல மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் என்று போட்டுவிடவா என்று கேட்டாள்.

“அந்த லண்டன் அம்மாவுக்குப் பேரு இருக்குல்ல? அதைப் போடு” என்றார் கஸ்பார்.

*

தோட்டத்துக்குத் திரும்பியபோது யசோதரா சந்தையிலிருந்து வந்திருந்தார். காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கஸ்பாரின் தோளில் பை இருப்பதைப் பார்த்தார். 

“யாரும் பஸ்ஸைத் தவறவிடலைம்மா” என்றார் கஸ்பார்.

“அப்படியா.”

“ஒரு பொண்ணு தவறவிட இருந்துச்சு. நான்தான் ஏத்திவிட்டேன்.”

யசோதராவின் கை கூடையில் நின்றது.

“ஏன்?”

“அதுக்கு வேற ஜோலி இருந்துச்சு.”

யசோதரா கூடையைக் கீழே வைத்தார். அன்றுதான் முதல்முறையாக, உட்காருங்கள் என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். கஸ்பார் உட்காரவில்லை. பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“லண்டனுக்குக் கடிதம் போயிருச்சும்மா.”

“பதில் வரலைன்னா?”

“இந்த ரோட்டுல அடுத்த பஸ் வராமலா போகும்?”

யசோதராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

கஸ்பார் நின்றபடியே சொன்னார். கை காட்டுகிற சம்பந்தியைச் சொன்னார். ஏணியில் இறங்கிய மருமகனைச் சொன்னார். காலியாகக் கிடந்த இடத்தையும் காற்றில் ஆடிய இரும்பையும் சொன்னார். இவன் ரேடியோவைக் கையில் எடுத்தான் என்றார்.

நிறுத்தினார்.

தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாத்தி நிரம்பி, தண்ணீர் வரப்பைத் தாண்டி வழிந்து, யசோதராவின் காலை நனைத்தது. அவர் காலை எடுக்கவில்லை.

“என்ன சொன்னான் அண்ணாச்சி?”

கஸ்பார் கைகூப்பி விடைபெற்றுக்கொண்டார்.

“முழு நாவலும் தயாரா இருக்கும்மா. நீங்க கேட்டா அனுப்பிவைக்கிறேன்.”